காலியாக இருக்க வேண்டிய இடம்

செப்டம்பர் 10, 1979, திங்கள்

முடித்துவிட்டேன். நகல் நிரலை முழுக்கத் திருப்பி எழுதி இன்று ஓடவிட்டாயிற்று. எங்கள் அலுவலகக் கணினியின் முந்நூறு நிரல்களும் நினைவகத்தில் எதை எங்கே நகர்த்தினாலும் இதைத்தான் கூப்பிடும். பழையது இருநூற்றைம்பத்தாறு எழுத்துகளாக வெட்டி வெட்டி நகர்த்தும். என்னுடையது ஒரே கட்டளையில் அத்தனையையும் அள்ளிப் போடும். முடிந்ததும் இயந்திரம் ‘ஆயிற்று’, ‘ஆகவில்லை’ என்று ஒரு குறி காட்டும். அதைப் பார்க்கும் இரண்டு வரிகளையும் தூக்கிவிட்டேன். நகல் எடுப்பதில் ஆகாமல் போக என்ன இருக்கிறது?

நான்கு மாவட்டங்களின் மருத்துவப் பரிசோதனைக் கடிதங்களை அச்சிட மூன்று மணி நேரம் ஆகும். இன்று இரண்டுக்குச் சற்று மேல். மேலாளர் டெலானி என் மேசைக்கே வந்தார். “ரோவீனா, மெஷினையே மாத்திட்டீங்களோன்னு பயந்துட்டேன்!”

இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பாராட்டியது இது இரண்டாம் தடவை.

செப்டம்பர் 12

என் கணவன் ஓரினின் கழுத்துக் கட்டியில் சதைத் துணுக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் ஒரு வாரத்தில் வரும். எங்கள் இயந்திரத்திலிருந்துதான்.

செப்டம்பர் 19, புதன்

வந்துவிட்டது! கவலைப்பட ஒன்றும் தென்படவில்லையாம். சமையலறையில் நின்றபடி அழுதேன். முடிவு வரியின் முதல் எழுத்து மட்டும் அச்சாகவில்லை, அங்கே ஓர் இடைவெளி. ஓரினுக்கு இது போதாதா?

“உன் மெஷினுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு ரோ.”

“வாயை மூடிட்டுச் சாப்பிடு.”

சாயங்காலம் டாக்டரின் நர்ஸ் மிஸ் பெக் போனில் கூப்பிட்டாள், டாக்டர் பார்க்கவேண்டுமாம். “லெட்டர் வந்துடுச்சும்மா, எல்லாம் நல்லாருக்கு. போலிங் பந்தயம் முடியட்டும், வரேன்” என்று சொல்லி ஓரின் போனை வைத்துவிட்டான். நானும் அவனைப் போகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 27

போலிங் பந்தயத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்தே ஓரின் இருநூற்றுப் பதினொரு புள்ளி அடித்தான். குழுவே அவனைத் தோளில் தூக்கப் பார்த்தது. எடைக்குப் பயந்து விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 1, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

காலையில் வெர்ன் சிரித்துக்கொண்டே வந்தான். கடிதங்களை அச்சிடும் நிரல் அவனுடையது. “இந்தம்மாவோட லெட்டரைப் பாரு. இவங்களுக்குப் புராஸ்டேட் நல்லாருக்காம்!” ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி அது. நானும் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன். முடிவு வரியின் முதல் இடம் காலி.

“வெர்ன், ஒவ்வொரு ஆளுக்கும் முன்னாடி முடிவு விழுற இடத்த எப்படித் துடைக்கிற?”

“எல்லாரும் துடைக்கிற மாதிரிதான். முதல் இடத்துல ஒரு வெற்றெழுத்து வெச்சு, அங்கேருந்து ரெண்டாவது இடத்துக்கு நகல் எடுக்கச் சொல்லுவேன். ரெண்டுலேருந்து மூணு, மூணுலேருந்து நாலுன்னு கடைசிவரைக்கும் அதுவே பரவிடும். பெரிய இடம், அதனால உன் நிரலைத்தான் கூப்பிடுறேன். ஏன்?”

ஏனா? பழைய நிரல் எழுத்து எழுத்தாக நகர்த்தியதால் அது பரவியது; தன்மேல் தானே விழுகிற நகலை நான் போட்ட பெரிய கட்டளை செய்யவே செய்யாது. ஓர் எழுத்தைக்கூட நகர்த்தாமல் ‘ஆகவில்லை’ என்று குறி காட்டிவிட்டு நிற்கும். எனக்குத் தெரியும். கையேட்டில் அந்தப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன். அந்தக் குறியைப் பார்க்கும் இரண்டு வரிகளைத்தான் தூக்கி எறிந்தேன்.

முதல் இடம் மட்டும் வெறுமையாகி, மீதியெல்லாம் முந்தைய நோயாளியின் முடிவு அப்படியே நின்றிருக்கிறது. மூன்று வாரமாக.

“ஆனா அதுமேல புது முடிவு வந்து விழணுமே. விழாதது எப்போ?” என்று கேட்டேன்.

வெர்னின் சிரிப்பு நின்றது. “லேப்ல காலியா விட்டா. கெட்ட சேதிய பேப்பர்ல எழுத மாட்டாங்க ரோ. டாக்டர் நேர்ல சொல்லணும்னு விட்டுடுவாங்க.”

முன்பல்.

ஐயோ. ஐயோ, ஓரின்.

ஆய்வகம் முடிவுகளைப் பதிந்து அனுப்பிய காந்த நாடாவைப் போட்டுப் பார்த்தேன். ஹாஸ்ப்ரூக், ஓரின். முடிவு: ஒன்றுமே இல்லை, வெறுமை. அதற்கு முன்னால் யாரோ ஒருவன், கவலைப்பட ஒன்றுமில்லாதவன். இப்படி மொத்தம் இருபத்து மூன்று பேர்.

ஓரின் வேலை செய்யும் பள்ளிப் பேருந்துப் பட்டறைக்கு நேரே போனேன். அவன் ஒரு பேருந்துக்கடியில் படுத்திருந்தான். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. எழுந்து கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அப்போ அது வேற எவனோடதோ லெட்டரு.”

“ஆமா.”

“அந்த ஆளு நல்லாருக்கான்ல?”

“இருக்கான்.”

“சரி. அவனாவது இருக்கட்டும்.”

திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

அக்டோபர் 2

நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். பன்னிரண்டு நாள் போனதால் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார் டாக்டர். இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 4

டெலானி சொல்கிறார்: “வெர்னோட நிரலை மட்டும் சரி பண்ணுங்க. உங்க வேகம் அப்படியே இருக்கட்டும். வெளியில பேச்சு வேண்டாம்.” நான் பழைய நகல் நிரலையே திருப்பிப் போட்டேன். அவர் எதிரிலேயே தொலைபேசியை எடுத்து மற்ற இருபத்திரண்டு பேரின் மருத்துவர்களையும் கூப்பிட்டேன். பட்டியலில் எல்லோரும் கிடைத்தார்கள். நோயாளிகளில் ஆறு பேர் எங்களைப்போலவே கடிதத்தை நம்பிக் கொண்டாடியிருக்கிறார்கள்.

டிசம்பர் 9

சிகிச்சையில் ஓரினுக்கு முடி கொட்டிவிட்டது. “போலிங் பந்து மாதிரி இருக்கேனா?” என்கிறான். விரல் விட மூன்று ஓட்டை மட்டும்தான் குறை என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், எனக்குப் பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 13, 1980, வியாழன்

சிகிச்சை முடிந்தபின் எடுத்த பரிசோதனை. கடிதம் இன்று வந்தது. ஓரின் பிரிக்காமல் என்னிடம் நீட்டினான். “நீயே பாரு. உன் மெஷின் பாஷை.”

பெயர் சரி. தேதி சரி. முடிவு வரியில் முதல் இடம் காலி. இரண்டாவதும். மூன்றாவதும். கடைசி வரைக்கும் சுத்தமாகத் துடைத்திருக்கிறது.

என் தோளுக்கு மேலாக அவனும் பார்த்தான்.

“இந்தத் தடவை சரியா வேலை செஞ்சிருக்கு ரோ” என்றான். பிறகு அவனே போய் மிஸ் பெக்கைப் போனில் கூப்பிட்டு, நாளைக் காலையில் முதல் ஆளாக வருகிறோம் என்று சொன்னான்.