பண்ணையாரம்மாவின் வயிறு

என் பண்ணையாரம்மாவுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வேறு யாராவது வந்து உன் காதில் ஓதுவதற்குள் நானே சொல்வதுதான் மரியாதை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உன் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்களே, அப்போது மயங்கி விழுந்தது நான். என் உடம்பு எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். விழுந்த வேகத்தில் ஒரு ஸ்டூல் முறிந்தது. உனக்காக விரித்திருந்த கட்டிலில் என்னைக் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். கண்ணைத் திறந்தால், நீ ஓர் ஆயாவின் தோளில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். 'இந்த ஆளா எனக்குத் தாய்மாமன்?' என்று கேட்கிற பார்வை.

"பேசன்ட்டு யாரு சார்? நீயா, கொயந்தையா?" என்றாள் அந்த ஆயா. வார்டே சிரித்தது. உன் அம்மாகூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் அவ்வப்போது எழுதுகிற பத்திரிகையின் தீபாவளி இதழுக்கு வழக்கம்போல ஒரு சிரிப்புக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். உட்கார்ந்தேன். வந்ததெல்லாம் பல்லைக் கடிக்கிற சத்தம்தான். அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குப் படிக்கத் தெரியாது; ஆறு மாதக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் படிக்கட்டும்.

உன் மாமனைப் பற்றி நீ முழுசாகத் தெரிந்துகொள்வதற்குள் போய்விட்டாய். மறைமலை நகரில், காருக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கான்டீன் சூப்பர்வைசர். ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்னால் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பாரை எடுத்து, நாக்கில் விட்டு, உப்பு சரியா என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். உன் அப்பா குமார் அதே கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறவர். தட்டில் எது போட்டாலும் குறை சொல்லாமல் சாப்பிடுகிற ஒரே தொழிலாளி என்பதால்தான் என் தங்கை வசந்தாவை அவருக்குக் கொடுத்தேன். கான்டீன்காரன் மாப்பிள்ளை பார்க்கிற லட்சணம் அவ்வளவுதான்.

உனக்குப் பண்ணையாரம்மா என்று பேர் வைத்ததும் நான்தான். மூன்றாம் மாதத்தில் உன் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் உன் வீட்டு வாசலில் நின்று, "பண்ணையாரம்மா வராங்க, எல்லாரும் துண்ட இடுப்புல கட்டுங்க" என்று கூவினேன். தெருவே சிரித்தது. பால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எங்களுக்குப் பெருமை. என் தொப்பையையும் உன் தொப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாமனைக் கொண்டிருக்கிறது என்றார்கள். நானும் நெளிந்துகொண்டே ஒப்புக்கொண்டேன்.

வயிறு வளர வளரக் கால் ஏன் சூம்புகிறது என்று ஒருவராவது கேட்டோமா? பிறகு கண் மஞ்சளாயிற்று. தொடையில் நாவல்பழச் சாறு பட்ட மாதிரி நீலத் திட்டுகள். உன் அம்மா அவற்றை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

நம் பக்கத்தில் கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் வைத்தியம் படித்தவர் யாரும் தேவையில்லை. குலைக்கட்டி. ஈரலில் கட்டி. எதிர்வீடு சொன்னது, பால்காரர் சொன்னார், உன் அத்தை கனகா எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். உன் அப்பாவுக்கு அக்காவான இந்தக் கனகாவைப் பற்றி ஒரு வார்த்தை: தெருவில் எந்த வீட்டில் எத்தனை விசில் வந்தது, உள்ளே வெந்தது பருப்பா கறியா என்று படுத்துக்கொண்டே சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவள் சொன்னால் மறுபேச்சு உண்டா?

குலைக்கட்டிக்கு மருந்தும் ஊருக்கே தெரியும். குழந்தைக்கு ஈரல் டானிக். பால் கொடுக்கிற தாய்க்குப் பத்தியம்: உப்பு, புளி, காரம் மூன்றும் கூடாது. கிளினிக் டாக்டரிடம் போனோம். அவர் உன் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். கனகா சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார். டானிக் எழுதினார். குறையவில்லை என்று மறுபடி போனோம். டானிக்கின் நிறம் மாறியது. மறுபடி போனோம். ரத்தம் பார்க்கிற லேப் அவர் கிளினிக்குக்கு மேல் மாடியிலேயே இருந்தது, பண்ணையாரம்மா. படியேறினால் லேப். அந்தப் படியில் ஏறச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போது பேனா முள் பேப்பரைக் கிழிக்கிறது.

ஒருநாள் உன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அப்போதுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினோம். மே மாதம் நம் ஊரில் குண்டு வெடித்துத் தலைவர் ஒருவர் செத்த கொடுமைக்குப் பிறகு பஸ்ஸுக்கு பஸ் சோதனை. ஒரு போலீஸ்காரர் ஏறி, உன் பால் புட்டியைக் குலுக்கிப் பார்த்தார். துணிமூட்டையை உதறினார். பிறகு உன் வயிற்றைப் பார்த்தார்.

"குலக்கட்டியாம்மா?"

"ஆமா சார்."

"எங்க அக்கா பையனுக்கும் இப்டித்தான் இருந்துச்சி. கீழாநெல்லிய அரைச்சி மோர்ல குடும்மா, சரியாப்பூடும்." விசாரணை முடிந்தது. உலகமே நம் ஊர்ப் பேரைப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. மூலைக்கு மூலை கேமரா, துப்பு, சந்தேகம். உன் வயிற்றில் மட்டும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருவர், சின்ன உருவம், கண்ணாடி போட்டவர். உன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு எங்களைத் தனியாக உட்காரவைத்தார்.

"இது ஈரல்ல வந்த நோய் இல்லீங்க. ரத்தத்துல வந்த புற்று. கெட்டுப்போன வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காம பெருகி, ஈரலுக்குள்ள போய் அடைஞ்சுக்கிச்சு. ஈரல் அதனாலதான் வீங்கியிருக்கு, மஞ்சளும் அதனாலதான். தோல்ல தெரியுதே நீலமா, அதுவும் இதே வேலைதான்."

"பால்குடிக்கிற கொழந்தைக்கா? புத்தா?" என்றார் உன் அப்பா. பீடிகூடப் பிடிக்காத மனிதர். புற்றுநோய் என்றால் பீடி, வெற்றிலை, கிழவர் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"அபூர்வம்தான். ஆனா வரும். யார் செஞ்ச தப்பாலயும் வர்றதில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மாவுக்கு அது காதில் ஏறியதா? தெரியாது. ஈரல் கெட்டுப்போனதால் உன் ரத்தம் உறையவில்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விரலை எடுத்தால் சிவப்பு. மறுபடி அழுத்துவாள். ஆடி முடிவதற்குள் அழுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து நாங்கள் கால்கூடக் கழுவவில்லை. வாசலில் கனகா ஆரம்பித்தாள்.

"பத்தியத்துல கீறவ நெத்திலிக் கருவாட்ட துன்னா பால் இன்னாத்துக்கு ஆவும்? பச்சக் கொயந்த ஈரலு வெந்து பூடாதா?"

ஒரு துண்டு, பண்ணையாரம்மா. உப்பில்லாக் கஞ்சி தொண்டையில் இறங்காமல், ஒரே ஒரு நாள், சுட்ட நெத்திலியில் ஒரு துண்டு. கனகா பார்த்துவிட்டாள். விசில் எண்ணுகிறவளுக்கு இது தப்புமா?

"ஏம்மா, கருவாட்டால ரத்தத்துல புத்து வருமா? அப்ப கடலோரத்துல ஒரு புள்ள உசுரோட இருக்குமா?" என்று கத்தினேன்.

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க மாமா. நான் கண்ணால பாத்துகீறேன்."

எட்டி நின்ற ஜனம் எல்லாம் தலையாட்டியது. என் பக்கம் இல்லை, அவள் பக்கம். உன் அப்பா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். தட்டில் எது போட்டாலும் குறை சொல்லாத மனிதர், அக்கா சொன்னதையும் அப்படியே விழுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கம்பெனியில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம். வீட்டுக்கு வருவதே தூங்கத்தான்.

மறு வாரம் கிளினிக்குக்குப் போனேன். காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினேன். "ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்க உங்களுக்கு இன்னா சார் கேடு? மாடில லேபு வெச்சிகினு கீய டானிக்கு எழுதினு இருந்தீங்களே!" கொன்றுவிட்டாய் என்றேன். கைக்குழந்தைகளோடு வந்திருந்த அம்மாக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வயிறு வீங்கி வர்ற கொழந்தைங்களுக்கு ஈரல் கட்டிதான் சார் நான் பார்த்திருக்கேன். இதப் புத்தகத்துல படிச்சதோட சரி" என்றார். அந்தப் பதிலுக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன். வாழ்நாளில் அவ்வளவு திருப்தியாக நான் யாரையும் திட்டியதில்லை.

இப்போது முக்கியமான செய்தி. உன் அம்மா இன்னும் உப்புத் தொடவில்லை. நீ போயே மாதங்களாகின்றன. ஐப்பசி மழை கொட்டி ஏரி தளும்புகிறது. அவள் பத்தியம் முடியவில்லை. பால் வற்றிப்போயிற்று. ஆனாலும் அதே கஞ்சி. யாருக்காக? போன வாரம் கான்டீன் சாம்பாரைக் கேரியரில் எடுத்துக்கொண்டு போனேன்.

"உப்பு போட்டுகீதா ண்ணா?"

"போடலன்னா யூனியன்காரங்க என் தோல உரிச்சி அதுல உப்பு தடவுவாங்க."

சிரிக்கவில்லை. கேரியரைத் தள்ளி வைத்தாள். டாக்டரம்மா சொன்னதை மறுபடி எடுத்துச் சொன்னேன்: கருவாட்டால் இல்லை, பாலால் இல்லை, உன்னால் இல்லை. பொறுமையாகக் கேட்டாள்.

"செரி ண்ணா, கருவாட்டால வரல. மூக்குல ரத்தம் வர்ற வரைக்கும் குந்திகினு இருந்தேனே. கண்ணு மஞ்சளானப்பவே மெட்ராசுக்குத் தூக்கினு போயிருந்தா பொயச்சிருப்பாளா?"

"அந்த டாக்டரு பாத்திருக்கணும்."

"டாக்டர கேக்கல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

நாற்பத்தைந்து வயசில், மணிக்கணக்காக வாய் ஓயாமல் பேசுகிற நான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றே வைத்துக்கொள். என் உருவத்துக்கு அது ஓட்டமா என்று நீ கேட்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். இந்தத் தடவை பஸ் கதை சொல்லமாட்டேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுவேன். சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவள் குடிக்கிற அதே கஞ்சியை நானும் குடிப்பேன். அவள் கை உப்பு ஜாடிக்குப் போகிறவரை என் நாக்குக்கும் உப்புக் கிடையாது. கம்பெனி சாம்பார் எப்படிப் போனாலும் போகட்டும். இது உன்மேல் சத்தியம், பண்ணையாரம்மா.

உன்னை மடியில் உட்காரவைத்துக் காது குத்தக் கொடுத்து வைக்காத,
உன் தாய்மாமன்.

டாக்டரம்மா அன்றைக்கு என்னை மட்டும் நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்: "பொறந்த மாசமே கொண்டுவந்திருந்தாலும் முடிவு இதுதாங்க. இவ்வளவு சின்னக் கொழந்தைக்கு வந்தா, இன்னிக்கு எங்க கையில இருக்கற மருந்துக்கு அது அடங்கறதில்ல." உன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் திட்ட எனக்கு யார் இருக்கிறார்கள்? கிளினிக்குக்குப் போய்க் கத்தியபோதே இது எனக்குத் தெரியும்.