உடனே ஏறிய முள்

இஞ்சருங்கோ,

நீங்கள் மயங்கி விழுந்து, இனிப் பறக்கக்கூடாது என்று டொக்ரர் சொன்ன நாளிலிருந்து உங்கள் பழைய விமானம் சும்மா நிற்பதாகத்தான் நினைத்திருந்தேன். இன்று உங்களுக்குச் சொல்லாமல் அதை விற்கலாமென்று மெக்கானிக் மாக்கஸைக் கூட்டிப்போனேன்.

எஞ்சினை இயக்கியதும் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் உடனே ஏறியது. மாக்கஸ் திகைத்துவிட்டார்.

"இரண்டு வருஷம் நிண்ட எஞ்சினெண்டால் எண்ணெய் வடிஞ்சு முள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், அக்கா. இதை ஆரோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கினம்."

நான் பக்கத்து சீற்றில் இருந்தேன். பெல்ற் பூட்டுப்படவில்லை. எங்கள் ஏழு வயது மகளின் இடுப்பளவுக்கு இறுக்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து, சனிக்கிழமைகளில் நீங்கள் அவளை அஜக்ஸ் நகருக்கு நீச்சல் பழகக் கூட்டிப்போகும்போது கொண்டுபோகும் பையைத் திறந்தேன்.

நீச்சலுடையில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.

பிள்ளையின் தாய்