கடைசிப் பெண்மீன்

ரிச்சர்ட்ஸ் டவுன், 2003

லீனாவின் அப்பாவுக்கு,

நேற்று லேபில் காற்று மோட்டார் நின்று, பதினாறு மீன்கள் செத்து மிதந்தன. ஒன்றே ஒன்று பிழைத்திருக்கிறது. நான் தொட்டியை விட்டு நகரவில்லை.

கலப்பினப் பெண்மீன்களில் எந்தப் பெற்றோர் இனத்தின் மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற என் ஆறு வருட ஆராய்ச்சி இனி பிழைத்த அந்த ஒரே பெண்மீனின் குஞ்சுகளை நம்பித்தான்.

"எப்பம்மா குஞ்சு போடும்?" என்றாள் லீனா.

"ஆண்மீன் சேர்ந்தாத்தான் முட்டை வளரும். ஆனா இந்த வகை மீன்ல ஆணோட மரபணு குஞ்சுக்குப் போகாது."

"ஆண்மீனெல்லாம் அப்பாகிட்டதானே இருக்கு? கேளும்மா."

நீங்கள் அவற்றை மைசூருக்குக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. ஒன்றைக் கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பார்சலில் வேண்டாம், வழியில் செத்துவிடும். நீங்களே கொண்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை லீனாவுக்கு லீவு.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் பெயரைச் சேர்த்தே கையெழுத்திடுகிறவள்