குகைக்குள் ஒரு சின்னத் தள்ளுமுள்ளு

அன்பு மங்கலத்துக்கு,

மால்டாவிலிருந்து உன் பக்கிரி. நான் கல்லு மாதிரி இருக்கிறேன். இங்கேயும் நம்ம கடலூர் வெயில்தான். உன் முழங்கால் வலி தேவலையா?

"மாமா, குகைக்குள்ள முங்குற வேலய வுட்டுட்டு வந்துடுங்க"ன்னு போனில் அழுதாயே, அழாதே. கெடிலம் வெள்ளத்தில் ஏழு எருமையை ஒற்றைக் கையால் இழுத்தவன் நான். கடல் குகைக்குள் வழிக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். சிதம்பரம் தேர்வடம் மாதிரி அதைப் பிடித்தபடியே வெளியே வந்துவிடலாம்.

நேற்று கூட்டாளி சார்லஸ் கயிற்றை விட்டுவிட்டு, பயத்தில் என் வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கினான். மூக்கில் குத்தினேன். முழங்கையால் என் வாயை உடைத்தான். தண்ணீரெல்லாம் ரத்தம். அரைமணி நேரம் மூச்சே விடாமல் சண்டை போட்டு, கழுத்தை நெரித்து இழுத்து வந்தேன். கரையில் கிடந்தவன், "மச்சான், இன்னும் ரெண்டு குத்து வுட்டிருக்கலாம்டா" என்கிறான்!

கேழ்வரகு மாவு அனுப்பு. முன்பல் ரெண்டு இல்லை. அரைஞாண் கயிறும் அறுந்துவிட்டது. புதிதாக ஒன்று அனுப்பு, பழைய அளவில் நாலு விரல் குறைத்து. முடிச்சை நீயே போட்டுவிடு. எனக்குக் கை நடுங்குகிறது, குளிர்தான்.

காற்று சிலிண்டர் நிரப்பக் கூப்பிடுகிறார்கள். நாளைக்கும் அதே குகைதான்.

உன் பக்கிரி