சீயக்காய்க்கு நாற்பத்து மூன்று பிழைகள்

22 ஆகஸ்ட் 2005, திங்கள்

இந்த மாதம் இதுவரை விற்றது நான்கு பொட்டலம் சீயக்காய்த் தூள். இணையதளத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்ட பிரவுசிங் சென்டர் நசீர் அகமது பக்கத்தின் அடியில் ஓர் எண்ணை ஓடவிட்டிருக்கிறார். இன்று அறுபத்தொன்று. அதில் நாற்பது முறையாவது நானாக இருப்பேன்.

சரக்கில் குறை சொல்ல ஒருவனுக்கும் வாயில்லை. ஜவ்வாது மலைக் காய். மனைவி சந்திரம்மாள் மொட்டைமாடியில் மூன்று வெயில் காட்டி, வெந்தயமும் பூலாங்கிழங்கும் பயறும் சேர்த்துத் தருகிறாள். கீழ்பென்னாத்தூர் மில்லில் நான் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்குகிறேன். நுரை வராது. வாசனை தெருவைக் கூட்டாது. கண்ணில் பட்டால் எரியும். இதையெல்லாம் மறைக்காமல் இணையதளத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். உண்மையை எழுதினால் விற்காது என்றால் விற்காமலே கிடக்கட்டும்.

25 ஆகஸ்ட், வியாழன்

மைத்துனன் கண்ணாயிரம் வந்திருந்தான். மோட்டார் சைக்கிளை வாசலை அடைத்து நிறுத்துவது அவன் வழக்கம். கீழ்பென்னாத்தூரில் அவனுடைய உரக்கடைக்குப் பில் எழுத நம்பகமான ஆள் வேண்டுமாம். அதைச் சொல்ல வேங்கிக்காலில் எங்கள் வீடு வரை வந்திருக்கிறான் என்றால் அந்த ஆள் நான்தான்.

"எம்.ஏ. படிச்சவரு மாமா நீங்க. தூள் அரச்சுக்கினு கெடக்கறீங்க. நம்ம கடையில வந்து ஒக்காருங்க. தலைக்கு மேல ஃபேன் இருக்குது."

மொழியியலில் எம்.ஏ., முதல் வகுப்பு. அதற்கு ஒரு ஃபேன்.

நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். அவன் போனதும் சந்திரம்மாள் தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள். "மார்கழி வரைக்கும் பாருங்க. அந்த ஒரு மாசத்துல நூறு பொட்டலம் போச்சுன்னா நான் வாயே தொறக்கல. போகலன்னா, தை பொறந்ததும் தம்பி கடைக்குப் போங்க."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? கோபத்தில் வந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான்.

இரண்டு வருடமாக இந்த வீடு அவள் தைக்கிற ஜாக்கெட்டில் ஓடுகிறது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறைக்கிறது.

5 செப்டம்பர், திங்கள்

ஆசிரியர் தினம். ஒருவனும் கூப்பிடவில்லை.

பதினான்கு வருடம் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளன். நிரந்தர இடம் வந்தபோது தாளாளரின் அக்கா மகன் ராஜேந்திரனுக்குப் போயிற்று. துறைத்தலைவனாகி அவன் வெளியிட்ட முதல் சுற்றறிக்கையில் பதினேழு பிழை. ஒரே பக்கத்தில். சிவப்பு மையில் திருத்தி, அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டினேன். அடுத்த மாதக் கால அட்டவணையில் என் பெயர் இல்லை.

இன்றைக்கும் அதையேதான் செய்வேன். பதினேழையும் வரிசையாகச் சொல்லவும் முடியும்.

9 செப்டம்பர், வெள்ளி

ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் சின்னக்கடைத் தெருவில் நசீரின் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டியிருக்கிறது. இணையதளத்தை அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். என் வயதுதான் இருக்கும். இன்று என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பொருளின் பெயரை மாற்ற வேண்டுமாம்.

சீயக்காயை ஆங்கில எழுத்தில் எழுத அறிஞர்கள் வகுத்த முறை ஒன்று உண்டு. 'ச' என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து. நெடில் வந்தால் தலைமேல் ஒரு கோடு. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சில கணினிகளில் கோடு வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. அது கணினியின் குற்றம்.

நசீர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "கியக்கே. இன்னா சார் இது, ஜப்பான் மாத்திரையா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இந்தக் கோட்ட எவன் சார் தட்டுவான்? கீபோர்டுலயே கெடையாது. ஜனங்க தேடறப்ப வாயில வர்றதத்தான் தட்டுவாங்க. அதப் போடுங்க, ஜாஸ்தியா விக்கும்."

வாயில் வருவதை எழுதுவதற்கு நான் படித்திருக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

18 செப்டம்பர், ஞாயிறு

பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், நடந்தே போனேன். மலையைச் சுற்ற வந்த தலைகள் இரண்டு லட்சம் இருக்கும். ஒரு தலைக்கும் என் தூள் இருப்பது தெரியாது.

நசீர் இணையத்திலிருந்து ஒரு கட்டுரையை அச்செடுத்துத் தந்தார்: சிறிய இணையக் கடையில் விற்பனையைப் பெருக்கப் பத்து வழிகள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். படத்தைப் பெரிதாகப் போடு. 'இன்றே கடைசி' என்று தினமும் எழுது. எட்டாவது வழி, வாடிக்கையாளரிடம் எப்போதும் புன்னகையோடு எழுதுவது. எழுத்தில் எப்படிப் புன்னகைப்பது? கட்டுரையில் பதினொரு இலக்கணப் பிழை இருந்தது. குறித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

24 செப்டம்பர், சனி

புனேயிலிருந்து ஒரு பெண்மணி. தமிழ்க் குடும்பம், ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பொட்டலம் வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டுகிற வி.பி.பி.யில் இரண்டு பொட்டலம் கேட்டு ஆங்கிலத்தில் ஐந்து வரி. ஐந்து வரியில் சீயக்காயை மூன்று விதமாக எழுதியிருந்தார். மூன்றும் தப்பு. ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று விளக்கிப் பதில் போட்டேன்.

நன்றி சொல்லி இன்னும் இரண்டு பொட்டலம் கேட்டிருக்கிறார். நான்காவது விதமாக எழுதி.

29 செப்டம்பர், வியாழன்

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

ஐந்து நாளாகச் சேகரித்தேன். கடைத்தெருப் பலகைகள், பெரிய கம்பெனிகளின் பாக்கெட்டுகள், பழைய மின்னஞ்சல்கள், நசீர் கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் துண்டுச்சீட்டு கொடுத்து எழுதச் சொன்னது. ஒரு சொல்லுக்கு ஆங்கில எழுத்தில் நாற்பத்து மூன்று பிழை வடிவங்கள். ஒரு கே, இரண்டு கே, எஸ், எஸ்.எச். முடிவில் ஐ போட்டவன், ஒய் போட்டவன், ஒன்றும் போடாமல் போனவன். எல்லாவற்றையும் ஒரு தனிப் பக்கமாக இணையதளத்தில் ஏற்றச் சொன்னேன். தலைப்பு: 'கீழே உள்ளவை எதுவும் சொல் அல்ல. சோம்பல்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன தவறு என்று ஒரு வரி. கடைசியில் சரியான வடிவம், கோடுகளோடு.

நசீர் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார், வாங்க வர்றவங்களத் திட்டி ஒரு பக்கம் போடற மொத கடை நம்முதுதான் இல்ல சார் என்று.

ஆமாம். முதல் கடை. இருக்கட்டும்.

19 அக்டோபர், புதன்

பதினாறு பொட்டலம். பாதி மாதத்தில்.

2 நவம்பர், புதன்

தீபாவளிக்கு முன்பு எண்ணெய்க் குளியலுக்கென்று ஒரே வாரத்தில் இருபத்தெட்டு. டெல்லி, நாக்பூர், பெங்களூர். பெயரைப் பார்த்தால் தமிழர் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். மழை விடவில்லை, தபால் நிலையத்துக்குப் பொட்டலங்களைப் பாலிதீனில் சுற்றிக் கொண்டுபோனேன்.

நேர்மையாக எழுதினால் நாலு பேர் மதிக்கத்தான் செய்கிறார்கள். இதைப் பதினான்கு வருடம் கல்லூரியில் சொன்னேன்.

சந்திரம்மாள் இரண்டு ஜாக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பொட்டலம் ஒட்ட வந்தாள். இருட்டும்வரை உட்கார்ந்து ஒட்டினாள்.

21 நவம்பர், திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

நசீர் கூப்பிட்டு ஒரு தேடுபொறியைத் திறந்தார். எஸ்ஸில் தொடங்கி இரண்டு ஈ போட்டு ஒரு தப்பான சீயக்காயைத் தட்டினார். முதலில் வந்தது என் பக்கம். வேறு ஒன்றைத் தட்டினார். மறுபடி என் பக்கம். கடையின் பக்கம் அல்ல — பிழைப் பட்டியல்.

"சார், நீங்க திட்டற எடத்துக்குத்தான் எல்லாரும் வர்றாங்க. திட்டு வாங்கினுதான் உள்ளயே வர்றாங்க."

சரியான வடிவத்தைத் தட்டி வந்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். பார்த்துச் சொன்னார். ஒருவர். அந்த ஒருவர் நானாம்.

அப்படியானால் வந்தது மதிப்பு இல்லை. தூளுக்காகவும் இல்லை, நேர்மைக்காகவும் இல்லை. நான் பட்டியல் போட்ட தப்பு எல்லாம் கூடி எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறது. பிச்சை. ராஜேந்திரன்களின் பிச்சை.

பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். நசீர் மூன்று முறை "யோசிங்க சார்" என்றார். நான் எழுந்து நின்றபிறகுதான் எடுத்தார்.

2 டிசம்பர், வெள்ளி

இந்த வாரம் மூன்று. மூன்றும் பழைய ஆட்கள்.

7 டிசம்பர், புதன்

ஒன்றும் இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. லாட்ஜில் எல்லாம் இடமில்லை என்று பலகை. கூட்டத்தில் கண்ணாயிரத்தைப் பார்த்தேன். மேசை காலியாகத்தான் இருக்கிறது மாமா என்றான். கேட்டேனா நான்?

12 டிசம்பர், திங்கள்

சந்திரம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நசீரின் மனைவி ரசியா பேகம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர் சொல்லிவிட்டார். பக்கத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். விளக்கினேன். ஒரு சொல்லை ஒழுங்காக எழுதத் தெரியாதவர்களை நம்பி வியாபாரம் செய்வது எனக்கு இழுக்கு, என் பொருளைத் தேடி வருகிறவன் அதன் பெயரையாவது அறிந்து வரட்டும் — கால் மணி நேரம் பேசியிருப்பேன். வகுப்பில் பேசுவதுபோல.

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"தப்பா எழுதறவங்களுக்கும் தல இருக்குதுல்ல."

அவ்வளவுதான். மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எட்டணா பெறாத வாக்கியம், அதற்கு மொழியியலில் பதில் இல்லை.

நசீர் கடைக்குப் போய்ப் பக்கத்தைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். ஆனால் தலைப்பை மாற்றவில்லை. 'சோம்பல்' என்பதற்குப் பக்கத்தில் 'அலட்சியம்' என்றும் சேர்க்கச் சொன்னேன். யாருக்கும் நான் இறங்கிவரவில்லை என்பது பதிவாக வேண்டும்.

24 டிசம்பர், சனி

மார்கழி பிறந்து ஒன்பது நாள். பதினொன்று. தேடுபொறிகள் எங்களை மறுபடி கண்டுபிடிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று நசீர் அன்றே சொன்னார். என் ரோஷத்துக்கு அத்தனை நாள் விலை.

4 ஜனவரி 2006, புதன்

நாற்பத்தேழு. மில்லில் சீயக்காய் மிஷின் எனக்காகவே ஓடுகிறது என்று மில்காரர் சலித்துக்கொள்கிறார். புனே அம்மாள் தன் தோழிகள் ஆறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு பேரும் ஆறு விதம். பட்டியலில் இரண்டு புது வடிவம் சேர்ந்தது.

13 ஜனவரி, வெள்ளி

போகி. மார்கழி முடிந்தது.

தொண்ணூற்றொன்று.

மூன்று முறை எண்ணினேன். தொண்ணூற்றொன்றுதான். ஒன்பது குறைவு. அந்தப் பக்கத்தை எடுக்காமல் இருந்திருந்தால் — வேண்டாம். எடுத்தவன் நான்.

சந்திரம்மாள் எத்தனை என்று கேட்கவில்லை.

18 ஜனவரி, புதன்

காணும் பொங்கல் முடிந்து கடைகள் திறந்ததும் கீழ்பென்னாத்தூர் போனேன். சொன்ன சொல்லை மீறுகிற பழக்கம் எனக்கில்லை. வெள்ளைச் சட்டை, நானே இஸ்திரி போட்டது. அவளிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் கண்ணாயிரத்தின் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் வேறு ஒருவர் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தார். இராமலிங்கம் என்று பெயர், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்.

கண்ணாயிரம் எழுந்து வந்து டீ சொன்னான். "இன்னா மாமா இவ்ளோ தூரம்? அக்கா போன வாரமே போன் பண்ணிட்டாங்களே. மாமா வரமாட்டாரு, வேற ஆளப் பாத்துக்கோன்னு. அதான் இவரப் போட்டுட்டேன்."

எந்தக் கிழமை என்று கேட்டேன். திங்கள் என்றான்.

திங்களன்று மார்கழியே முடியவில்லை; எழுபது பொட்டலம்கூட ஆகவில்லை.

டீயைக் குடித்தேன். அவன் கேட்காமலே அவன் கடைப் பலகையில் இருந்த ஒரு பிழையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அவள் முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். என் சட்டையைப் பார்த்தாள். "மில்லுக்கா போய் வந்தீங்க?"

ஆமாம் என்றேன். இஸ்திரிச் சட்டையில் மில்லுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவனை அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நானும் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. பசையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

9 பிப்ரவரி, வியாழன்

இரண்டாவது சரக்கு தயார். உடம்பில் தேய்த்துக் குளிக்கிற நலங்கு மாவு. கலவை அவளுடையது. இணையதளப் பக்கம் என் பொறுப்பு.

நசீர் சாயங்காலத்துக்குள் பிழைப் பட்டியல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தில் நலங்கு மாவை எனக்கு ஏழு விதத்துக்குமேல் தப்பாக எழுத வரவில்லை. எத்தனை முயன்றாலும் கை சரியாகவே போகிறது. தாளை அவளிடம் நீட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டு, தையல் சாக்பீஸாலேயே மளமளவென்று இன்னும் பன்னிரண்டு எழுதினாள்.

ஒன்றில் நடுவே ஒரு எச் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"இருந்தா நல்லா இருக்குதுங்க" என்றாள்.

அப்படியே சேர்த்துவிட்டேன்.