வாணியின் விரல்கள் திரையில்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஊர் உடப்பில் காற்றே இல்லை. பயங்கர வெயில்.

தங்கச்சி வாணிக்கு வெள்ளி மு.ப. 10க்கு நேர்முகப் பரீட்சை, வீடியோவில். கொழும்பில் காது கேளாத பிள்ளைகளின் பாடசாலை. உதவி ஆசிரியை வேலை. அவளுக்கும் பிறவியிலிருந்தே கேட்காது. கேள்வி, பதில் எல்லாம் சைகையில்.

ஒத்திகை பார்த்தோம். நான் அறைக்குள் ஃபோனோடு, அவள் வெளியே என் பழைய லேப்டாப்போடு. பிரவுசர் திறக்கவே ஐந்து நிமிடம். பிறகு என் ஃபோன் திரையில் அவள் கை பாதியில் நின்றது. தாவி வேறெங்கோ விழுந்தது. சிக்னல் முழுதாக இருந்தும்! லேப்டாப்பின் ஃபான் மட்டும் ஒரே இரைச்சல்.

வாணி கையால் சொன்னது: "எனக்குத் திக்குவாய் என்று நினைப்பார்கள்."

மார்ச் 4, புதன்

அரை நாள் லீவு. லேப்டாப்போடு பஸ்ஸில் பாலாவி டவுனுக்கு. முதல் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இது முடிஞ்சுது. புதுசு வாங்குங்க."

அடுத்த தெருவில் ரிஸ்வானாவின் திருத்தும் கடை. கழற்றிப் பார்த்தார்.

"புதுசு என்னத்துக்கு அக்கா? வீடியோ வேலைக்கெண்டே உள்ளுக்கு ஒரு பகுதி சும்மா கிடக்கு. பிரவுசர்ல யாரோ அத நிப்பாட்டி வெச்சிரிக்காங்க."

நான்தான். ஒருநாள் திரை மினுங்கியதற்காக. ஒத்துக்கொண்டேன்; சிரித்தார்.

மாற்றியவை: ரேம், நாலு ஜிபியிலிருந்து எட்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் டிரைவர். நிப்பாட்டியதைத் திரும்பப் போட்டார்.

எதற்கு என்று நான் சொன்னதும், தன் கம்ப்யூட்டரிலிருந்து லேப்டாப்பை வீடியோவில் அழைத்து, அதன் முன்னால் விரல்களை வேகமாக ஆட்டிப் பார்த்தார். சரிசெய்தார், மறுபடி ஆட்டினார். "அந்தப் புள்ளட விரல் தெரியணும்." என்ன பொறுமை!

மார்ச் 5, வியாழன்

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க மறந்துவிட்டேன்.

பிரவுசர் தட்டியவுடன் திறந்தது. நம்பாமல் நாலு தரம் மூடித் திறந்தேன். ஒத்திகையில் ஐந்து விரலும் தனித்தனி. ஃபான் சத்தமே இல்லை. இதில் பாதி அந்தப் பழைய பெட்டிக்குள்ளேயே சும்மா இருந்திருக்கிறது!

அம்மா: "வெள்ளச் சட்ட வேணாம், கை தெரியாது. கறுப்பப் போடச் சொல்லு."

மார்ச் 6, வெள்ளி

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். நடுவில் இருந்தவருக்கும் காது கேட்காதாம். நான் லேப்டாப்புக்குப் பின்னால், வாணியைப் பார்த்தபடி. நாற்பது நிமிடம். படம் நின்று, ஒரு தடவைகூட அவள் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிவிலேயே சொல்லிவிட்டார்கள், வேலை கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

ரிஸ்வானாவுக்கு ஃபோன். "அல்ஹம்துலில்லாஹ்! விரல் தெரிஞ்சிச்சா?"

"ஓம், ஒவ்வொண்டும்."

நேர்முகத்தில் வாணி கையால் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு வேகம். இருபத்தாறு வருடமாக என்னோடு மெதுவாகத்தான் பேசியிருக்கிறாள்.