இரண்டு தடவை செத்த கௌபாய்

மார்ச் 3, செவ்வாய்

ஐம்பத்து மூன்று வயதில் இன்று ஒரு குதிரையிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். குதிரை டிவிக்குள் இருந்தது. மனைவி கதவருகே இருந்தாள். துணி மடிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மகளுடைய கௌபாய் வீடியோ விளையாட்டு அது. அவள் வேலை முடிந்து வருவதற்குள் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். வாரப் பத்திரிகையில் நான் எழுதும் கடைசிப் பக்கத்துக்கு 'ஆராய்ச்சி' என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்து வார ஆராய்ச்சியில் நாற்பத்தொரு தடவை செத்திருக்கிறேன். அதில் ஒன்பது, குதிரையோடு பள்ளத்தில். கணக்கைப் பார்த்த மகள், "உனக்கு எதிரியே வேண்டாம்ப்பா, நீயே போதும்" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

கட்டுரை போயாகிவிட்டது. இந்த விளையாட்டையும், பதினோரு வயதில் அக்காவோடு போய்ப் பார்த்த பழைய கௌபாய் படத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டேன்.

படத்தில் குதிரை தின்னாது, களைக்காது, லத்தி போடாது. விளையாட்டில் அதற்குத் தீனி வைத்து, உடம்பு தேய்த்து, கழுத்தைத் தடவி, நாலு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். இவ்வளவு உபசாரம் இந்த வீட்டில் யாருக்கும் நான் செய்ததில்லை. (மனைவி இதைக் கவனித்துவிட்டாள்.) படத்தில் நாயகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்பான், ஊரே நடுங்கும். நானும் அப்படி நின்று பார்த்தேன். எவனோ பின்னாலிருந்து சுட்டுவிட்டான்.

ஆனால் என் துருப்புச் சீட்டு கடைசிப் பத்தியில் இருக்கிறது. செத்து எழுந்திருப்பதை இந்த விளையாட்டுகளைத் தயாரிப்பவர்கள் கண்டுபிடித்ததாகத்தானே நினைக்கிறோம்? அந்தப் படத்தில் கௌபாய் பாலத்தின் மேல் குண்டடிபட்டுச் செத்துப்போவான். அடுத்த காட்சியில் இடது கன்னத்தில் மட்டும் சோப்பு நுரையோடு, ஹாயாகச் சவரம் செய்துகொண்டிருப்பான்! ஏன், எப்படி, ஒரு விளக்கமும் கிடையாது. என்ன துணிச்சல்! 'என் இரண்டு கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்' என்று முடித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வெளிவந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு ஒரு பிரதியைத் தபாலில் போட்டேன். அவளுக்கும் பழைய ஞாபகம் வரட்டும்.

மார்ச் 11, புதன்

போச்சு.

சினிமா பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தை முப்பது தடவை பார்த்தவராம். கௌபாய் சாவது ஒரே ஒரு தடவை, கடைசிக் காட்சியில், பாலத்தின் மேல். அதோடு படம் முடிந்தது. அதற்குப் பிறகு எழுந்திருப்பதும் இல்லை, சவரமும் இல்லை. 'கட்டுரையாளர் பார்த்தது படமா, கனவா?'

பத்திரிகை ஆசிரியரம்மா போன் செய்தார். அவர் கத்தமாட்டார். அதுதான் பயம். "சார், தமாஷுக்குக் கொஞ்சம் ஊதிப் பெருசாக்கலாம். ஆனா நீங்க கண்ணால பார்த்தேன்னு போட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு விளக்கம் குடுங்க. இல்லேன்னா அந்தப் பக்கத்துக்குக் குறுக்கெழுத்துப் போட்டி ரெடியா இருக்கு."

பதினோரு வருஷமாக எழுதும் பக்கம். பகலெல்லாம் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் ஓடவில்லை என்ற புகார்களுக்குப் பதில் எழுதுகிறவன் நான். அந்த ஒரு பக்கத்தில்தான் கொஞ்சம் மனிதனாக இருந்தேன். கடைசியில் கட்டங்களிடமா தோற்பது?

நான் பொய் சொல்லலையே. நுரைகூட ஞாபகம் இருக்கே.

மார்ச் 12, வியாழன்

அரை நாள் லீவு போட்டேன். படம் ஓடிய தியேட்டர் இப்போது மெத்தைக் கடை. கடைக் காவலாளி, அந்தக் காலத்தில் படம் ஓட்டிய ஆபரேட்டர் இரண்டு தெரு தள்ளி மின்விசிறி பழுது பார்ப்பதாகச் சொன்னார்.

ஆபரேட்டருக்கு எழுபது தாண்டியிருக்கும். என் பக்கத்தை வாராவாரம் படிக்கிறாராம். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார். கழற்றிய இறக்கையைக் கீழே வைத்தார்.

"நான்தான் ரீலை மாத்திப் போட்டிருப்பேன் சார். அப்பல்லாம் அது சகஜம். கடைசி ரீலை முன்னாடி ஓட்டிட்டா, செத்தவன் எழுந்து வந்துதானே ஆகணும்?"

யாரும் சண்டைக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

"எங்க? இன்னொரு படத்துல இப்படி மாத்திப் போட்டப்ப கைதட்டுனாங்க."

எழுதித் தருவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே காகிதம் தேடி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். என் வயிற்றில் பாலை வார்த்த மனிதர். பதிலுக்கு வீட்டுக்குப் போய் எங்கள் மின்விசிறியைக் கழற்றி வந்து பழுது பார்க்கக் கொடுத்தேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

ஆசிரியரம்மா சிரித்தார். பதினோரு வருஷத்தில் நான் எழுதி அவர் சிரித்ததில்லை. ஆபரேட்டர் எழுதியதற்குச் சிரித்துவிட்டார். ஆபரேட்டரின் படத்தோடு கடிதம் ஞாயிறன்று வருகிறது. பக்கம் எனக்கே. பேராசிரியரும் போன் செய்தார். அதே வரிசையில் படத்தை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று ஏங்குகிறார். முப்பது தடவையும் ஒரே மாதிரி பார்த்துத் தொலைத்துவிட்டாராம்.

மார்ச் 14, சனி

நன்றாகத் தூங்கினேன். குதிரையும் சௌக்கியம்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். தபால் நேற்றுதான் கிடைத்ததாம். நான் ஆபரேட்டர் கடிதம் வெளிவந்ததையும், வாசகர்கள் கொண்டாடுவதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எல்லாம் சரிடா. நீ எப்ப அந்தப் படத்தைப் பார்த்தே?"

உன்னோடுதானே என்றேன்.

"உனக்கு அப்ப அம்மை. படுத்த படுக்கையா கிடந்தே. நான் மட்டும் போயிட்டு வந்து, தள்ளி உக்காந்து உனக்குக் கதை சொன்னேன். அவன் செத்துட்டான்னதும் நீ ஒரே அழுகை. அம்மா என்னைத்தானே திட்டுவாங்க? அதான் அந்தக் கௌபாயை எழுப்பி விட்டுட்டேன்."

அப்படியானால் சவரம்?

"எழுந்தவன் என்ன பண்ணினான்னு கேட்டே. அப்பா கண்ணாடி முன்னாடி சவரம் பண்ணிட்டிருந்தார். அதைப் பார்த்துச் சொன்னேன்."